மாலை போகும், பட்டு வரும்

உதவி பெற்றவர் உதவியவருக்குக் காட்ட வேண்டிய மரியாதைக்கு ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். இந்த இரண்டு ஊர்களிலும் அந்த ஒழுங்கு வாய்ச்சொல்லில் குறைவாகவும் நடப்பில் அதிகமாகவும் இருக்கிறது. பெற்றதை யார் முன்னால் ஒப்புக்கொள்வது, எங்கே எழுதிவைப்பது, எவ்வளவு காலம் கழித்து எந்த வடிவில் திருப்பிச் செய்வது, திருப்பிச் செய்யவே முடியாதபோது என்ன செய்வது என்பவையெல்லாம் அதில் அடங்கும். வெளியூரிலிருந்து வருபவருக்கு இங்கே யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை என்று தோன்றலாம். ஒரு வருடம் கூடவே இருந்து கல்யாணம், காதுகுத்து, இழவு, திருவிழா எல்லாவற்றையும் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

வீட்டளவில் இந்த ஒழுங்கு ஒரு கிண்ணத்தில் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வந்த பாத்திரம் கழுவிக் காலியாகத் திரும்பிப் போவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு முருங்கைக்காயாவது அதில் இருக்கும். வந்த அன்றைக்கே அவசரமாகத் திருப்புவதும் வழக்கமில்லை. இரண்டு மூன்று நாள் அந்தக் கிண்ணம் இந்த வீட்டு அலமாரியில் இருப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. பேச்சிலும் அதே நிதானம்தான். வயதில் மூத்தவர் உதவி பெற்றால், “நல்லா இருப்பே” என்று வாழ்த்துவார். இளையவர் பெற்றால், “நீங்க வந்ததாலதான் இன்னைக்கு வேலை முடிஞ்சுது அண்ணாச்சி” என்பார். உதவியவரின் பதில் அநேகமாக “இதுல என்ன இருக்கு” என்பதாக இருக்கும். இந்தப் பேச்சில் இளையவர் சொல்வதுதான் கவனிக்கத் தக்கது. அதில் புகழ்ச்சி இல்லை; செய்த உதவியால் என்ன நடந்தது என்ற செய்தி இருக்கிறது. உதவியவருக்கு அதைவிட வேண்டியது வேறொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டு வாசலைத் தாண்டியதும் ஒழுங்கு எழுத்துக்கு வந்துவிடுகிறது. மதுரை, தேனி, விருதுநகர்ப் பகுதிகளில் செய்முறை என்றும் மொய் என்றும் சொல்லப்படும் வழக்கம் இதன் முழுமையான வடிவம். கல்யாண மண்டபத்தின் வாசலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரு மேசை போடப்பட்டிருக்கும். குடும்பத்துக்கு நம்பகமான இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார்; மற்றவர் ஊர், பெயர், தொகை என்ற வரிசையில் நோட்டில் எழுதுவார். தொகை நூற்றொன்று, ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒற்றை ரூபாயோடு முடியும். தாய்மாமன் சீர் போன்ற பெரிய செய்முறைகள் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். இப்போது மதுரை வட்டாரத்தில் கணினி வைத்துப் பதிந்து, கையோடு ரசீது கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

விழா முடிந்ததும் அந்த நோட்டு பீரோவில் பத்திரத்தோடும் நகையோடும் ஏறிவிடும். நோட்டில் இருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தால் அது வெளியே எடுக்கப்படும். அவர் எந்த ஆண்டு, எந்த விழாவுக்கு, எவ்வளவு செய்தார் என்று பார்க்கப்படும். பிறகு அதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதப்படும். கூட்டிச் செய்வதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. வாங்கியதை அப்படியே, அதே தொகையாகத் திருப்பினால் கணக்கு நேராகிவிடும்; கணக்கு நேரானால் இரண்டு வீட்டுக்கும் இடையே பாக்கி எதுவும் இல்லாமல் போகும். கூடுதலாக வைத்த தொகை புதிய கடனாக நிற்கிறது. அதைத் திருப்ப அடுத்த வீடு இன்னொரு நாள் வந்தாக வேண்டும்.

உலகின் பல சமூகங்களில் இதே அமைப்பு இருப்பதைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தம் கொடை பற்றிய நூலில் எடுத்துக்காட்டினார். கொடுப்பது, ஏற்பது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்றும் கடமைகள் என்றும் அவற்றில் எதை மறுத்தாலும் உறவை மறுத்ததாகும் என்றும் அவர் கண்டார். அவருக்குப் பின் வந்த பியர் பூர்தியூ, அல்ஜீரியாவின் கபைல் மக்களிடையே செய்த ஆய்வைக் கொண்டு, கொடுத்ததற்கும் திருப்பியதற்கும் நடுவே உள்ள கால இடைவெளியை முக்கியப்படுத்தினார். உடனே திருப்பினால் வேண்டாம் என்று தள்ளியது போலாகும். மிகவும் தாமதித்தால் மறந்தது போலாகும். மண்டபத்து மொய் மேசையையும் அலமாரியில் மூன்று நாள் இருந்த கிண்ணத்தையும் விளங்கிக்கொள்ள இந்த இரண்டு கருத்துகளும் போதும்.

மொய் வழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. முகூர்த்த மாதங்களில் ஒரே வாரத்தில் நான்கைந்து பத்திரிகைகள் வந்து விழும்போது கூலிக்குப் போகும் குடும்பம் திணறிப்போகிறது. மொய் செய்யக் கடன் வாங்குவதும், போட்ட மொய்யைத் திரும்ப எடுப்பதற்காகவே ஒரு விழா வைப்பதும் தென்மாவட்டங்களில் பரவலாக நடப்பவை. உதவி பெற்றவர் தன் நிலைக்கு ஏற்பத் திருப்பலாம் என்ற இளக்கம் இல்லாத இடத்தில் மரியாதை வட்டிக்கடையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. நோட்டில் எழுதியிருப்பது தொகை மட்டும். சமையல்கட்டில் இரவெல்லாம் காய் நறுக்கிய மதினிக்கும், பந்தியில் ஓடியோடிப் பரிமாறிய பையன்களுக்கும் அந்த நோட்டில் வரி கிடையாது. அவர்கள் செய்த வேலையை வீட்டுக்காரர்கள் நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல வீட்டுக்காரர்கள் வைத்துக்கொள்கிறார்கள். கடைசிப் பந்தியில் அவர்களை உட்காரவைத்துத் தாங்களே பரிமாறுகிறார்கள்.

துக்க வீட்டில் ஒழுங்கு தலைகீழாகும். அங்கே நன்றியாக ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. பாடை கட்டியவரிடமும், ஊர் ஊராகச் செய்தி சொல்லி அனுப்பியவரிடமும், மூன்று நாள் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்த பங்காளி வீட்டாரிடமும் வீட்டார் எதுவும் சொல்வதில்லை. வந்தவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போகிறார்கள். சொல்லுக்கு இடமில்லாததால் கடமை இன்னும் இறுக்கமாகிறது. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்ததை மன்னிக்கிறவர்கள் இழவுக்கு வராததை மன்னிப்பதில்லை. அன்றைக்குத் தோள் கொடுத்தவரின் வீட்டில் ஒரு துக்கம் நேரும்போது, சேதி கேட்ட நிமிடத்தில் கிளம்பிப் போவது ஒன்றே அதற்கான பதில்.

குடும்பங்களுக்கு இடையே நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலின் உயர்ந்த வடிவம் கோயில்களுக்கு இடையே நடக்கிறது. பெரியாழ்வார் வடபத்ரசாயிக்குத் தொடுத்த மாலையை அவர் மகள் கோதை, அதாவது ஆண்டாள், முதலில் சூடிப் பார்த்தாள், அந்த மாலையையே பெருமாள் விரும்பினார் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரின் மூலக்கதை. அந்தக் கதை ஆண்டுதோறும் மூன்று ஊர்களுக்கு உயிரோடு போய்வருகிறது. சித்திரையில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரைக்குப் போகிறது. வைகையில் இறங்கப் போகும் கள்ளழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் அதைச் சூடிக்கொள்கிறார். அதே சித்திரையில் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் தேருக்கு எழுந்தருளும்போதும் ஆண்டாளின் மாலையும் கிளியும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். புரட்டாசியில் திருமலைப் பிரம்மோற்சவத்தின் 5ஆம் நாள், கருட சேவைக்காக மாலை ஏழுமலை ஏறுகிறது. திருமலையில் அதைப் பெரிய ஜீயர் மடத்தில் வரவேற்று, மாட வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள்.

பதில் உடனே வருவதில்லை. ஆடிப்பூரம் ஆண்டாளின் அவதார நாள். அந்தத் தேரோட்டத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்தும் அழகர்கோயிலிலிருந்தும் வஸ்திரமும் மங்கலப் பொருட்களும் வருகின்றன. பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்குத் திருமலையிலிருந்து பட்டு வருகிறது. சித்திரையில் போனதற்கு ஆடியில் பதில். புரட்டாசியில் போனதற்குப் பங்குனியில் பதில். நடுவே மூன்று மாதமோ ஆறு மாதமோ இருக்கிறது. ஒவ்வொரு பதிலும் பெற்றவரின் வசதிப்படி வராமல், கொடுத்தவளின் நல்ல நாளுக்கு வந்து சேர்கிறது. இது மிகுந்த நயம் கொண்ட ஏற்பாடு. கள்ளழகர் தமக்கு ஒரு விசேஷம் வந்தபோது மாலை பெற்றார். ஆகவே அவளுக்கு ஒரு விசேஷம் வரும்போது சீர் அனுப்புகிறார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே தமிழ்க் குடும்பங்கள் செய்துகொள்வதும் இதுதான்.

கொடுப்பதும் பெறுவதும் ஒரே பொருளாக இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். துளசியும் செவ்வந்தியும் தொடுத்த மாலை இரண்டு நாளில் வாடிவிடும். பட்டு பல வருடம் நிற்கும். விலை போட்டால் இரண்டும் ஒப்பாகாது. யாரும் விலை போடுவதில்லை. சூடியவள் யார் என்பதால் மாலைக்கு மதிப்பு. அனுப்பியவர் யார் என்பதால் பட்டுக்கு மதிப்பு. ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியும் இப்படிப்பட்டதுதான். மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் மூக்குமாக அது தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது. பரம்பரையாக அதைச் செய்பவர்களுக்குச் சில மணி நேர வேலை. மறுநாள் அந்தக் கிளி பிரசாதமாக யாராவது ஒரு பக்தரின் கைக்குப் போய்விடுகிறது. நிலைத்து நிற்காத பொருளைக் கொடுப்பதால் தினமும் மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. உதவியும் பல நேரம் இந்த இயல்புடையதே.

பெற்றவர் தாமே திருப்ப முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் மரபில் ஒரு விடை இருக்கிறது. தன் விருப்பம் நிறைவேறினால் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொள்கிறாள். விருப்பம் நிறைவேறி அவள் அரங்கனோடு கலந்துவிட்டாள், நேர்த்தி நின்றுபோயிற்று. பல தலைமுறை கழித்து ராமானுஜர் அழகர்கோயிலுக்குப் போய் அந்த நூறு தடாவையும் படைத்தார், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்று வைணவக் குருபரம்பரை சொல்கிறது. கோயில் அண்ணர் என்ற பெயர் அவருக்கு அப்படி வந்தது. இதில் இரண்டு நன்றிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. அழகருக்குச் சேர வேண்டியதை வேறொருவர் செலுத்தினார். அவருக்குச் சேர வேண்டியதாக ஆண்டாள் கொடுத்தது ஓர் உறவுப்பெயர். காலத்தால் எவ்வளவோ பிந்தியவர் அந்த ஒரு சொல்லால் மூத்தவராகிவிட்டார். தங்கைக்காக அண்ணன் செய்ததைக் கடனாக எழுதும் வழக்கம் எந்தக் குடும்பத்திலும் இல்லை. மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லியன்று, பெருமாள் கோயில்களில் அக்காரவடிசில் படைப்பது இந்த நினைவோடு சேர்ந்து நடந்துவருகிறது.

முன்கூட்டியே நன்றி சொல்வது சரியா என்ற கேள்விக்குக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். கோயிலுக்கு நிலமோ விளக்கோ ஆடுகளோ கொடுத்தவர்கள், தானத்தின் விவரத்தை எழுதி முடித்த பிறகு, இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பது தமிழகமெங்கும் காணப்படும் மரபு. கொடுத்தவர், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரின் காலில் விழுகிறார். காரணம் தெளிவானது. விளக்கைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதை நூறு வருடம் அணையாமல் ஏற்றுவது இன்னொருவர் வேலை. எந்த வற்புறுத்தலும் செய்ய முடியாத தூரத்தில் இருப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லும் வணக்கம் வேண்டுகோளாகிறது. எதிரே நிற்பவரிடம், அவர் சரியென்று சொல்வதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவது அவரை மறுக்க முடியாமல் செய்வது. இந்த வேறுபாட்டைக் கல்வெட்டுக்காரர்கள் அறிந்திருந்ததாகவே தோன்றுகிறது.

கல்வெட்டின் இன்றைய வாரிசு உபயம் எழுதும் வழக்கம். மணி, மின்விசிறி, குழாய்விளக்கு, பேருந்து நிறுத்தத்துச் சிமென்ட் இருக்கை, பள்ளிக்கூடத்து மேசை எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். வெளிச்சம் வரும் வழியை அடைத்துக்கொண்டு விளக்கிலேயே பெயர் எழுதுவது உதவியைக் குறைத்துவிடுகிறது என்ற குறை நியாயமானது. ஆனால் பெயர் எழுதுவதையே தவறென்று தள்ளுவதும் சரியல்ல. இன்னார் கொடுத்தார் என்று தெரிந்தால்தான் பயன்படுத்துகிறவர் அவரை நினைக்க முடியும். பெயரைப் பெற்றவர் எழுத வேண்டும், கொடுத்தவரே எழுதிக்கொள்ளக்கூடாது. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மரியாதை உதவியைப் பார்க்காமல் தகுதியைப் பார்க்கத் தொடங்கும்போது மிச்சப் பாதிச் சிக்கல் வருகிறது. தீர்த்தம், சடாரி, மாலை, பரிவட்டம் என்று கோயில் மரியாதைகள் வரிசை வைத்தே தரப்படுகின்றன. யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை வைத்து அர்ஜுன் அப்பாதுரை 1981இல் எழுதிய நூல் இந்தப் போட்டியின் வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. அந்த வரிசையின் கடைசியில்கூட இடம் இல்லாதவர்கள் இருந்தார்கள். கோயில் நிலத்தை உழுதவர்களில் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் வர முடிந்தது 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசத்துக்கும் அதையொட்டி வந்த சட்டங்களுக்கும் பிறகுதான். விளைவித்த நெல் சந்நிதிவரை போனது. விளைவித்தவர் வெளியே நின்றார். நன்றியின் ஒழுங்கை ஆராய்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய உழைப்பை உதவியாக எண்ணவே இல்லை என்பதைத்தான்.

முகம் தெரியாதவர்களின் உதவி இன்னொரு வகை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கின்றன. காயத்தில் அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டவருக்குச் சத்திரப்பட்டி என்ற பெயரே தெரிந்திருக்காது. மலைக்கு அப்பால் தேனி மாவட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15. அந்த நாளை ஒட்டி அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள்; லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ராஜபாளையத்தில் பூ. ச. குமாரசாமி ராஜா எடுத்தது மற்றொரு வழி. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த அவர் தம் வீட்டையே கொடுத்து அங்கே கலைமன்றம் அமையச் செய்தார். அதற்குக் காந்தியின் பெயரை வைத்தார். காந்திக்குத் திருப்பித் தர முடியாததை ஊருக்குத் தந்தார்.

இன்றைக்கு இந்த ஒழுங்குக்குப் புதிய சோதனை கைபேசிக் குழுக்களில் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் அறுவைக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு குழுவில் செய்தி வந்தால், முன்பின் தெரியாத யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார். அவருக்குப் பணம் கொடுப்பது முறையில்லை, சட்டமும் இடம் தராது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்தில் மொய் எழுதலாமென்றால் வீடு எங்கே என்று தெரியாது. அவர் பெயரையும் படத்தையும் கேட்காமல் குழுவில் போடுவது சிலருக்குப் பிடிக்காது. கேட்டுவிட்டுப் போடுவதே மரியாதை. உண்மையான பதில், ராமானுஜர் செய்தது போல, இன்னொருவர் கணக்கில் செலுத்துவது. நோயாளியின் குடும்பத்தில் உடல்நலம் உள்ளவர்கள் தாங்களே கொடையாளர்களாகப் பதிந்துகொள்ளலாம். ஒரு முறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் கழித்தே மறுபடி கொடுக்க முடியும் என்பதால், குழுவுக்கு எப்போதும் புதியவர்கள் தேவைப்படுகிறார்கள்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலோர் மறந்துவிடுவதும் அதைத்தான். ரத்தம் கிடைத்தவுடன், தேவை முடிந்தது என்று கேட்ட அதே இடத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் செய்தி குழு விட்டுக் குழு தாவி, நோயாளி வீடு திரும்பிப் பல மாதம் ஆன பிறகும் யாரையாவது மருத்துவமனைக்கு ஓடவைக்கும். முதல் செய்தியிலேயே தேதியும் மருத்துவமனையின் பெயரும் இருந்தால் இந்த அலைச்சல் குறையும். வந்து கொடுத்தவருக்கு, அறுவை முடிந்து நோயாளி கண் விழித்த அன்று ஒரு வரி தனியாகப் போக வேண்டும். எத்தனை பேர் புறப்பட்டு வந்தார்கள், யாரை வழியிலேயே திரும்பிப் போகச் சொன்னோம் என்பதையும் குறித்துவைத்து அவர்களுக்கும் சொல்ல வேண்டும். கொடுக்க முடியாமல் திரும்பியவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்தான்.